பக்கம் இரண்டு, கீழ் மூலை

நூற்றியிருபத்தைந்தாவது ஆண்டு மலருக்குப்
பத்திரிகையின் வரலாறு வேண்டும் என்றார் ஆசிரியர்.
இரண்டாயிரம் சொல். முதலாளிகளின் படங்கள்.
வியாழனுக்குள்.

நான் நிலவறைக்குப் போய்த்
திருத்தங்களை மட்டும் வாசித்தேன்.
காலநிலைக்கும் குலுக்கல் எண்களுக்கும் நடுவே
தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்.
பத்திரிகை தன்னைப் பற்றி வாய் திறக்கும்
ஒரே இடம்.

1911. கோதுமைக் கப்பல் மூழ்கவில்லை;
ஏரியில் மூடுபனி, தாமதம்.
கப்டனின் மனைவியிடம் வருந்துகிறோம்.

1926. திரு. எய்னோ லெஹ்தினென் காலமானார் என்று
செவ்வாயன்று எழுதியிருந்தோம்.
புதனன்று அவரே நேரில் வந்து
இரங்கல் விளம்பரக் காசைத் திருப்பிக் கேட்டார்.
கொடுத்தோம்.

1938. தேவாலய விருந்துக் குறிப்பில்
உப்பு ஒரு தேக்கரண்டி. ஒரு கோப்பை அல்ல.

1969. இரட்டை ஊர்கள் ஒன்றாகித்
தண்டர் பே என்று பெயர் வென்ற இரவில்
தோற்ற பெயரைத் தலைப்பில் அடித்துவிட்டோம்.
வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

2009. நான் சேர்ந்த முதல் மாதம்.
பத்தியின் அகலம் போதாமல்
தவயோகநாயகி பரராஜசேகரம்
'தவயோ'வில் முறிந்து,
மிச்சம் டயர் விளம்பரத்துக்கு அடியில் போனது.
அதற்குத் திருத்தம் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.

நான் பிறந்த ஊரில்
செய்தி பொய்யென்று பட்டால்
இரவில் வந்து அச்சகத்தைக் கொளுத்துவார்கள்.
மெய்யென்று பட்டாலும் அதேதான்.
இங்கே தொலைபேசி அடிக்கும்:
குறுக்கெழுத்தில் பதினேழுக்குக்
கட்டம் ஒன்று குறைகிறதாம்.
எவ்வளவு நல்ல கோபம் இது என்று நினைத்தபடி
"மன்னிக்கவும், மிஸிஸ் பொல்சன்" என்பேன்.

அச்சு இப்போது வினிபெக்கில். எழுநூறு கிலோமீற்றர்.
ஒன்பதேகாலுக்குப் பக்கங்கள் போய்விட வேண்டும்.
ஆகவே பத்து மணிக்கு முடிகிற ஹொக்கி ஆட்டம்
எங்களிடம் நாளை மறுநாள்தான் முடியும்.
கெனோராவில் பனி லொறியை மறித்தால்
ஊர் நேற்றோடே எழும்பித் தேநீர் குடிக்கும்.

ஒக்ரோபர் 1967, பக்கம் ஐந்து.
திருத்தம் அல்ல, செய்தி. நான்கு வரி.
தண்டவாளத்தருகே இந்தியப் பெண்ணொருத்தியின் உடல்.
(ஐந்நூறு வருசத்துக்கு முன் மாலுமியொருவன்
திசை தெரியாமல் விட்ட பிழை;
அதற்கும் திருத்தம் பாக்கி.)
வயது முப்பது இருக்கலாம். சந்தேகம் எதுவுமில்லை.
அதே பக்கத்தில் காணாமல்போன நாய்க்குப்
பெயர் இருந்தது. பிரின்ஸ்.

தமிழில் உடலுக்கு மெய் என்று பெயர்.
மெய்யெழுத்து தனியே
தலையில் புள்ளியோடு நிற்கும்.
கூப்பிட வேண்டுமென்றால் உயிர் வந்து ஏறவேணும்.
நான்கு வரியிலும் அவர்கள்
புள்ளிதான் வைத்திருந்தார்கள்.

கோப்பில் செருகிக் கிடந்தன கடிதங்கள்.
அறுபத்தேழு, அறுபத்தெட்டு, எழுபத்துநான்கு, தொண்ணூற்றொன்று.
'அக்காவின் பெயர் ஆக்னஸ் வாபூஸ்.
இருபத்திரண்டு வயது. தயவுசெய்து.'
முதல் கடிதத்தின் ஓரத்தில்
எவரோ சிவப்பு மையில்:
'செய்தியில் பெயரே இல்லை.
ஆகவே பெயரில் பிழையும் இல்லை.'

மூன்று நாள் தேடினேன். தங்கை இருக்கிறாள்,
எழுபத்தைந்து வயது, நதிக்கு அந்தப் பக்கம்.
யார், ஏன் என்று கேட்கவில்லை.
"எழுத்துக்கூட்டிச் சொல்லவா?" என்றாள்.
சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன்.
எல்லாப் பெயருக்கும் செய்வதுபோல்
இரண்டு தரம்.

ஒன்பது பதினொன்று.
கட்டம் போதவில்லை.
குலுக்கல் எண்களை ஏழாம் பக்கத்துக்குத் தள்ளினேன்.
பெயர் முறியாமல் ஒரே வரியில் நின்றது.
அனுப்பினேன்.

காலை எட்டு மணிக்கு முதல் அழைப்பு.
குலுக்கல் எண்களைக் காணவில்லையாம்.
"பக்கம் ஏழு, மிஸிஸ் பொல்சன்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
தாள் புரளும் சத்தம்.
"இரண்டாம் பக்கத்தையும் பார்த்தேன்" என்றாள்.
வைத்துவிட்டாள்.

இன்று வியாழன்.
ஆண்டு மலருக்கு இன்னும்
ஒரு சொல்லும் எழுதவில்லை.